குழப்பம் – சொல்லா, தீர்ப்பா?

தாமிரபரணியின் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டினாற்போல் ஆதிச்சநல்லூர்ப் பறம்பு கிடக்கின்றது. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் சரளும் செம்மண்ணும் முட்செடியுமாய்த் தோன்றும் அந்த மேட்டின் வயிற்றில், ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களைத் தாழிகளில் இட்டு அடக்கியிருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அகழ்ந்த குழிகளின் மீதே கண்ணாடித் தளம் அமைத்து மக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். கண்ணாடியின் மேல் நின்றுகொண்டு காலுக்குக் கீழே தாழிகளைப் பார்க்க வேண்டும். அடக்கத்தலத்தை மிதிக்கலாகாது என்று கற்பிக்கப்பட்டு வளர்ந்த நம் போன்றோருக்குக் கால் கூசத்தான் செய்தது.

நம்முடன் வந்திருந்த மாணவர் கல்லூரியில் வரலாறு பயில்கிறார். சிறு வயதில் நம்மிடம் ஓதியவர். குழியின் பக்கச்சுவரில் தெரிந்த மண் அடுக்குகளைக் காட்டி, "ஹஜ்ரத், அகழாய்வு செய்யிறவங்க சில அடுக்குகளை 'டிஸ்டர்ப்டு'ன்னு குறிச்சு வைப்பாங்க. ஏற்கெனவே யாரோ கிளறிவிட்ட மண்ணுன்னு அர்த்தம். அதிலே கிடைக்கிற பொருளை வச்சுக் காலத்தைச் சொல்ல முடியாது" என்றார்.

"கிளறியவர் பெயரையும் குறிப்பார்களா?" என்று கேட்டோம்.

அவர் சற்று யோசித்தார். "தெரிஞ்சாக் குறிக்கலாம், ஹஜ்ரத். பெரும்பாலும் அந்த ஒரு சொல்லோட சரி."

அந்த ஒரு சொல் நம்மை வீடு வரை தொடர்ந்து வந்தது.

இப்பறம்பைக் கிளறியவர் பலர். 1876இல் பெர்லினிலிருந்து டாக்டர் ஜாகோர் வந்தார், தோண்டினார், கிடைத்தவற்றைத் தம் நாட்டு அருங்காட்சியகத்துக்குக் கப்பலேற்றினார். 1899க்கும் 1905க்கும் இடையில் அலெக்சாண்டர் ரீ பன்முறை அகழ்ந்தார். பொன்னால் ஆன நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்பு வாள்கள், வேல்கள் எனக் குவிந்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தன. அவற்றின் பட்டியல் 1915இல் நூலாக வந்தது. பின்னர் ஒரு நூற்றாண்டு உறக்கம். 2004, 2005ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தது. அதன் முழு அறிக்கை ஆண்டுக்கணக்கில் வெளிவரவில்லை. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடந்து, 2019இல்தான் இரண்டு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று உலகுக்குத் தெரிந்தது.

இவர்களுள் எவரையும் 'கலைத்தவர்' என்று எந்த நூலும் குறிப்பிட நாம் கண்டதில்லை. ஜாகோர் ஆய்வாளர், ரீ அறிஞர். ஆனால் ஓர் ஏழை வீட்டுத் தரைக்குச் சரள் அள்ளுகையில் ஒரு தாழி உடைந்துபோனால் அவன் கலைத்தவன். மண்ணைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. நாம் ஆய்வைக் குறைகூற வரவில்லை. ஆய்வு இல்லையேல் தாழியின் சிறப்பை நாமும் அறியோம். அடுக்கு கலைந்திருக்கிறது என்பதும் உண்மைதான். ஆயினும், நடந்ததைச் சொல்வதுபோல் தோன்றும் ஒரு சொல், நடத்தியவரை எவ்வளவு எளிதாக மறைத்துவிடுகிறது! 'கலைக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டு வினையில் எழுவாய்க்கு இடமே வேண்டியதில்லை.

ஆங்கிலம் நாம் மதரஸாவில் கற்ற மொழியன்று. நாற்பது வயதுக்கு மேல், பள்ளியில் உடன் பணியாற்றிய ஆங்கில ஆசிரியர் ஒருவரின் தயவாலும் ஒரு பழைய அகராதியின் துணையாலும் தட்டுத் தடுமாறிக் கற்றது. ஆகவே புலமை கொண்டாட வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். குழப்பத்தையும் ஒழுங்கின்மையையும் குறிக்க அம்மொழியில் உள்ள சொற்களின் தொகை நம்மை மலைக்க வைக்கிறது. அவற்றின் பிறப்பிடமோ அதைவிட வியப்பு. பல அடுக்களையில் பிறந்திருக்கின்றன.

'மெஸ்' என்ற சொல்லை நாம் அறிவோம். கல்லூரி விடுதியிலே சோறு போடுமிடம் மெஸ். அச்சொல்லின் பழைய பொருள் உணவு மேசையில் வைக்கப்படும் ஒரு பங்கு உணவு என்பதே. பிறகு ஒன்றாக உண்ணும் கூட்டத்தைக் குறித்தது. வேறொரு பக்கமாகக் கலவை உணவைக் குறித்து, கடைசியில் அலங்கோலத்துக்கே பெயராயிற்று. தம் பிள்ளையின் அறையைப் பார்த்து ஆங்கிலத் தாய் சொல்லும் சொல்லும், நம் பிள்ளை பசியாறப் போகும் இடமும் ஒன்றே. 'கன்பியூஷன்' என்பதன் இலத்தீன் மூலம் 'ஒன்றாகக் கொட்டுதல்'. இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டில் நாள்தோறும் கொட்டிக் கலப்பதன் பெயர் குழம்பு. அதே வேரில் பிறந்தது குழப்பம். ஆங்கிலேயரும் நாமும் கலந்து பேசி வைத்ததுபோல் அல்லவா இருக்கிறது! 'ஷாம்பிள்ஸ்' என்றால் இன்று எல்லாம் சீர்குலைந்த நிலை. முன்னாளில் அது இறைச்சிக் கடைகளின் வரிசை. 'கேயாஸ்' ஒன்றுதான் அடுக்களைக்கு வெளியே பிறந்தது. கிரேக்கத்தில் அதன் பொருள் வாய்பிளந்த வெறுவெளி. அதையும் விட்டுவைக்கவில்லை, பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற இரசாயன அறிஞர் அச்சொல்லை நினைந்தே 'கேஸ்' என்ற பெயரைப் படைத்தார். நம் இல்லத்தரசியர் சிலிண்டருக்குப் பதிவு செய்யும்போதெல்லாம் ஆதி வெறுவெளியின் பெயரையே உச்சரிக்கிறார்கள்.

அரபு கற்றவனுக்கு நெஞ்சில் தைப்பது 'பெட்லம்' என்ற சொல். கூச்சலும் குழப்பமும் நிறைந்த இடத்தை ஆங்கிலத்தில் அவ்வாறு சொல்வர். அது வேறொன்றுமில்லை, பைத்துலஹ்ம். நபி ஈஸா (அலை) அவர்களின் பிறப்பிடமாகப் போற்றப்படும் ஊரின் பெயர். அரபில் 'இறைச்சி வீடு', எபிரேயத்தில் 'ரொட்டி வீடு' என்று பொருள்படும். 1247இல் இலண்டனில் அவ்வூரின் பெயரால் ஒரு மடம் எழுந்தது. அது நாளடைவில் மனநோயாளிகளின் மருத்துவமனை ஆயிற்று. இலண்டன் மக்கள் அங்கே வேடிக்கை பார்க்கப் போவார்கள். பித்துப் பிடித்தவர் புலம்புவதைக் கண்டு களிப்பது ஒரு பொழுதுபோக்கு. அவ்வழக்கம் 1770 வரை நீடித்தது. வேடிக்கை பார்த்தவர்களின் சிரிப்பும் அந்த இரைச்சலில் ஒரு பங்குதானே? ஆனால் பெயர் நோயாளிகளுக்கே நின்றது. ஒரு புனித ஊருக்கும் நின்றது.

இதைவிட நமக்கு நெருங்கிய சான்று ஒன்றுண்டு. 1886இல் கர்னல் யூலும் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்த பேரகராதி ஒன்று வெளிவந்தது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் வழங்கிய சொற்களின் களஞ்சியம் அது. பர்னல் நூலைக் காணாமலே 1882இல் மறைந்துவிட்டார். அந்நூலின் பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. இரண்டு துரைமார்களின் பெயர் என்று நாமும் வெகுகாலம் நினைத்திருந்தோம். உண்மையில் அது முஹர்ரம் ஊர்வலத்தில் மார்பில் அறைந்துகொண்டு எழுப்பும் 'யா ஹஸன், யா ஹுசைன்' என்ற ஓலம். ஆங்கிலச் சிப்பாயின் காதில் அது அப்படி விழுந்தது. உள்ளூர்க்காரர்களின் ஆரவாரத் திருவிழா எதற்கும் அவன் அப்பெயரை இட்டான். அவ்வூர்வலமுறை மார்க்கத்துக்கு ஏற்றதா என்பது வேறு விவாதம். நம்மிடையே அதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அவ்வோலம் கர்பலாவில் வீழ்ந்த நபிபேரரைக் குறித்த துயரம். துயரப்பட்டவனுக்கு அதில் பொருள் இருந்தது, வரிசை இருந்தது, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளின் நினைவு இருந்தது. தெருவோரம் நின்ற வெள்ளைக்காரனுக்குத்தான் அது கூச்சல். ஒழுங்கை அறியாதவன் காதில் ஒழுங்கும் குழப்பமாகத்தான் கேட்கும். அந்த அகராதிக்காரர்கள் நேர்மையாளர்கள்; சொல் பிறந்த கதையை மறைக்காமல் எழுதிவைத்தார்கள்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய சொற்கள் இவை. சட்டத்தில் நுழைந்தபின் சிரிக்க முடியாத சொல் ஒன்று உண்டு. அது 'ரயட்'. நாம் கலவரம் என்போம். பழைய பிரெஞ்சில் சச்சரவு என்ற அளவில் இருந்த சொல். 1714இல் இங்கிலாந்து ஒரு சட்டம் செய்தது: பன்னிருவர் கூடி அமைதிக்குப் பங்கம் விளைத்தால் அதிகாரி அறிவிப்பைப் படிப்பார், ஒரு மணி நேரத்தில் கலையாவிட்டால் அவர்கள் குற்றவாளிகள். இன்று ஆங்கிலக் குடும்பங்களில் பிள்ளைகளை உரத்துக் கடிந்துகொள்வதற்கே 'ரயட் சட்டம் படித்தல்' என்று பெயர். நம் நாட்டுக்கு 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் அச்சொல் வந்தபோது பன்னிருவர் ஐவராகக் குறைந்தனர். ஐந்து பேர் சட்டவிரோதமாகக் கூடி, அவருள் ஒருவர் பொது நோக்கத்துக்காகப் பலம் பிரயோகித்தாலும் ஐவரும் கலவரக் குற்றவாளிகள். 2024 ஜூலை முதல் நாளில் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறின; ஐவர் என்ற கணக்கு மாறவில்லை.

இச்சொல் நம் மாவட்டத்தின் மேல் விழுந்த நாள் 1908 மார்ச்சு 13.

கதையை நம்மில் பலர் அறிவர். வ.உ. சிதம்பரனார் 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளில் எண்ணாயிரத்தை, அதாவது இரண்டு இலட்சம் ரூபாய்க்கு, வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். இதை நம் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர்கள் கூலிக்கும் ஓய்வுக்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள், வென்றார்கள். மார்ச்சு 12ஆம் நாள் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர். மறுநாள் கடைகள் அடைபட்டன. மாணவர்கள் வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல் நிலையமும் தீக்கும் தாக்குதலுக்கும் இரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அரசாங்கம் தன் ஏடுகளில் இட்ட பெயர் 'தின்னவேலி ரயட்ஸ்'.

ஒரு சொல்தானே என்று இருந்துவிட முடியவில்லை. அச்சொல்லைத் தொடர்ந்து தண்டக் காவல் படை வந்தது. அதற்காகும் செலவை ஊர் மக்களே வரியாகக் கட்ட வேண்டியதாயிற்று. ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை. அன்றைய நிகழ்ச்சிக்கு இன்று தமிழில் 'எழுச்சி' என்று பெயர். ஆ.இரா. வேங்கடாசலபதி அப்பெயரைத் தலைப்பிலேயே தாங்கி எழுதிய ஆய்வு நூலுக்கு 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரே நாள், ஒரே தெரு, ஒரே தீ. ஆட்சியரின் மேசையிலிருந்து பார்த்தால் கலவரம். ஆலைத் தொழிலாளியின் திண்ணையிலிருந்து பார்த்தால் எழுச்சி.

வேலூர்க் கோட்டையிலும் இதுவே நடந்தது. தாடி மீசையைக் கத்தரிக்கவும், நெற்றிக் குறியைத் துறக்கவும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணியவும் சிப்பாய்களுக்கு ஆணை பிறந்தது. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டை வெடித்தது. ஆங்கிலேயர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின் நடந்த பழிவாங்கலில் இந்தியச் சிப்பாய்கள் அவர்களினும் மிகுதியாக மாண்டனர். ஆங்கிலத்தில் அது 'மியூட்டினி'. நம் பாட்டனார் காலத்துப் பாடநூலில் கலகம். பேரர் காலத்துப் பாடநூலில் புரட்சி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெயரை மாற்றிவிட்டால் நீதி செய்துவிட்டோம் என்று எண்ணுவது எளிது. எரிந்த அஞ்சலகத்தில் எவரெவருடைய கடிதங்கள் இருந்தனவோ, யாருடைய பணவிடை இருந்ததோ! அவர்கள் அன்றிரவு அதை எழுச்சி என்று கொண்டாடியிருப்பார்களா? புரட்சி, எழுச்சி என்ற சொற்களும் பார்ப்பவன் நிற்கும் இடத்தைத்தான் சொல்கின்றன. நாம் சிதம்பரனாரின் பக்கம் நிற்கிறோம். நிற்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆட்சியர் தாம் எங்கே நின்றார் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. தம் சொல்லை நிகழ்ச்சியின் இயற்பெயர் என்றே பதிவு செய்தார்.

'ரயட்' மற்றொரு வகையிலும் ஏமாற்றும். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். அதற்கும் ஏடுகள் அதே சொல்லை இட்டன. கலவரம் என்றால் இரு பக்கமும் கை ஓங்கியதாக ஒரு மயக்கம் பிறக்கிறது. திருநெல்வேலியில் அடிபட்டவர்களைக் கலவரக்காரர் ஆக்கிய அதே சொல், கொழும்பில் அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே பாயில் உட்கார வைத்தது. பெரியதைச் சிறியதாக்கும் சொற்களும் உண்டு. மலாயாவில் 1948 முதல் 1960 வரை பன்னிரண்டு ஆண்டுகள் காட்டிலும் தோட்டத்திலும் நடந்தது போர். ஆங்கில அரசு அதற்கு இட்ட பெயர் 'எமர்ஜென்சி'. அயர்லாந்தில் முப்பதாண்டுக் கொலைகளுக்கு 'டிரபிள்ஸ்', அதாவது தொல்லைகள். தலைவலிக்கும் அதே சொல்தான்.

ஆங்கிலேயனைக் குறைகூறி இதோடு முடித்துக்கொண்டால் நமக்குச் சுகமாக இருக்கும். ஆனால் நம் வீட்டிலும் ஒரு சொல் இருக்கிறது. அது 'ஃபித்னா'.

அரபில் இதன் வேர்ப்பொருள் பொன்னையும் வெள்ளியையும் நெருப்பிலிட்டுச் சோதித்தல். தட்டான் உலையில் பொன் உருகும்போது கலப்படம் பிரிகிறது. பார்ப்பவனுக்கு நெருப்பும் கொதிப்பும்தான் தெரியும். சோதனை என்ற பொருளிலிருந்து துன்பம், பிறகு உட்பூசல் என்று அச்சொல் வளர்ந்தது. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 35இல் ஷஹீதாக்கப்பட்ட பின் எழுந்த பெரும் பிளவை வரலாற்றாசிரியர்கள் இச்சொல்லாலேயே குறித்தார்கள். இரத்தம் தோய்ந்த, கனமான சொல். அப்படிப்பட்ட சொல்லை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? ஜமாஅத் கூட்டத்தில் ஒருவர் எழுந்து பள்ளிவாசல் கடைகளின் வாடகைக் கணக்கைக் கேட்டால், "ஃபித்னா பண்ணாதீங்க" என்று அமர்த்திவிடுகிறோம். கணக்குக் கேட்டவர் ஃபித்னாக்காரர். கணக்கைக் காட்டாதவர் அமைதி விரும்பி. பெண்பிள்ளை மேற்படிப்புக்குப் போக வேண்டுமென்று வீட்டில் வாய்திறந்தால் அதுவும் ஃபித்னா. சீர்கெடுப்பவர்களே தம்மைச் சீர்திருத்துபவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள் என்ற எச்சரிக்கை நம் வேதத்தின் தொடக்கப் பகுதியிலேயே இருக்கிறது. அதை நாம் எப்போதும் எதிரில் இருப்பவருக்கே ஓதிக் காட்டுகிறோம்.

நாம் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். கோடைக்காலம். வகுப்பறைக்கு வெளியே வைத்திருக்கும் தண்ணீர்ப் பானை மூன்று நாளாக நிரப்பப்படவில்லை. நான்காம் நாள் அவன் நான்கு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, பானை நிறையும் வரை உள்ளே வரமாட்டோம் என்று வாசலில் நின்றுவிட்டான். பானை நிறைந்தது, பிள்ளைகள் வந்து அமர்ந்தார்கள். ஆண்டு முடிவில் அவன் குடும்பம் வேறு ஊருக்குப் பெயர்ந்தது. மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற கட்டத்துக்கு வகுப்பாசிரியரான நம்மிடம் குறிப்புக் கேட்டார்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நமக்கு அன்று அம்மொழி தெரியாது. பக்கத்திலிருந்தவர் ஒரு சொல்லைச் சொன்னார். எழுத்துக் கூட்டியும் கொடுத்தார். 'அன்ரூலி'. நாமும் அதைப் பெரிய சொல் என்று நினைத்து, நம் கையாலேயே தெளிவாக எழுதிக் கொடுத்தோம்.

பிற்பாடு அகராதி பார்க்கத் தெரிந்தபோது அச்சொல்லைத் தேடினோம். 'ரூல்' என்பதற்கு அடங்காதவன். ரூல் என்றால் சட்டம், ஆட்சி, நோட்டுப் புத்தகத்தில் போடும் கோடு, நாம் மேசை மேல் வைத்திருந்த ரூல் தடியும் அதுவே.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் அந்த மனிதரைச் சந்தித்தோம். கடை அவருடையது. எழுந்து வந்து ஸலாம் சொல்லித் தேநீர் தருவித்தார். பேச்சினிடையே, புதிய ஊரில் எந்தப் பள்ளியிலும் இடம் கிடைக்கவில்லை என்றும், அந்த ஆண்டே மாமாவின் கடையில் நிற்க நேர்ந்தது என்றும் சாதாரணமாகச் சொன்னார். "சர்ட்டிபிகேட்டிலே அன்ரூலின்னு போட்டிருந்துச்சு, ஹஜ்ரத்" என்றார். எழுதியவர் யார் என்பது அவருக்குத் தெரியுமா என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. அவர் அச்சொல்லை மிகச் சரியாக உச்சரித்தார். 'தண்ணீர்ப் பானை நிரப்பப்படாததால் ஒருநாள் வகுப்பைப் புறக்கணித்தான்' என்று நாம் எழுதியிருந்தால், அதைப் படிக்கும் தலைமையாசிரியர் ஒருவேளை சிரித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டிருப்பார். நடந்ததும் அதுதான். நாம் நடந்ததை எழுதாமல் தீர்ப்பை எழுதினோம்.

நமக்கு இது தெரியாத பாடமும் அன்று. ஹதீஸ் கலையை ஓதியவர்கள் நாம். அறிவிப்பாளர் ஒருவரின் நினைவு முதுமையில் குழம்பிவிட்டால் அதற்கு 'இக்திலாத்' என்று பெயர். கலத்தல் என்பதே இதன் பொருளும். ஆனால் நம் முன்னோர் அப்பெயரை இட்டுவிட்டு ஒதுங்கிப் போகவில்லை. எப்போது குழம்பினார்? அதற்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார்? கூஃபா நகரத்து அதா இப்னு ஸாயிப் இறுதிக் காலத்தில் குழம்பியவர். ஆயினும் ஷுஃபாவும் ஸுஃப்யான் தவ்ரீயும் முன்பே அவரிடம் கேட்டவர்கள். ஆதலால் அவர்கள் வழியாக வருவது ஏற்கப்படும் என்று பகுத்துவைத்தார்கள். ஒரு முதியவரின் தடுமாற்றம் அவர் வாழ்நாள் முழுவதையும் விழுங்கிவிடாதபடி எல்லை கட்டினார்கள். ஒருவரைக் குறை சொல்வதற்கும் விதி உண்டு. இன்னார் பலவீனமானவர் என்று சொன்னால் போதாது. காரணத்தை விளக்க வேண்டும் என்று ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் போன்றோர் வலியுறுத்தினர். காரணம் கேட்டபோது சில குறைகள் ஒன்றுமில்லாமல் போனதும் உண்டு. அறிவிப்பாளர் மட்டக்குதிரை மீது விரைந்து சென்றதைப் பார்த்தேன் என்பதுபோல! எண்ணூறு ஆண்டுகளாக மதரஸாக்களில் இதை ஓதிக்கொடுக்கிறோம். பள்ளிவாசல் கூட்டத்துக்குப் போகும்போது கிதாபை மூடி வைத்துவிட்டுப் போகிறோம்.

கலத்தல் எல்லாம் கேடு என்றும் இல்லை. ஆங்கிலத்தில் 'கேயாஸ்' என்பதற்கு இன்றைய அரபு ஏடுகள் எழுதுபவற்றுள் ஒன்று 'ஹர்ஜ் வ மர்ஜ்'. இரண்டாவது சொல்லின் வேரே, இரு கடல்கள் சந்திக்குமாறு விடப்பட்டதைக் கூறும் இறைவசனத்திலும் வருகிறது. புன்னைக்காயலில் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். நிறம் மாறி, நுரைத்து, கலங்கித்தான் தெரியும். வலை வீசுபவர் அதைக் குழப்பம் என்று சொல்வதில்லை. மீன் படும் இடம் என்பார்.

இன்று நம் வீடுகளில் இந்த ஆங்கிலச் சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. பாட்டனார் கதை சொல்ல வந்தால் "டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்கிறது குழந்தை. கணக்குப் புரியாவிட்டால் "ஒரே கன்பியூஷன்". சொற்களை நாம் தடுக்கப் போவதில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டுத்தான் நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆதிச்சநல்லூருக்கு நம்முடன் வந்த மாணவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவைத்தோம்: நாளைக்கு நீ அகழாய்வுக் குழியில் இறங்கி அறிக்கை எழுதும் நாள் வந்தால், 'டிஸ்டர்ப்டு' என்பதற்குப் பக்கத்தில் ஜாகோர் 1876, ரீ 1902 என்று தெரிந்தவரை எழுது, தெரியாவிட்டால், எத்தனை அடி ஆழம் வரை கலைந்திருக்கிறது என்றாவது எழுது. அவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆசிரியரைத் திருப்திப்படுத்தத்தான் எழுதினாரோ என்னவோ!

சென்ற திங்களில் நம்மிடம் ஒரு தாள் கையொப்பத்துக்கு வந்தது. ஜமாஅத் உறுப்பினர் ஒருவர் 'கூட்டங்களில் தொடர்ந்து குழப்பம் விளைவித்து வருவதால்' அவர்மேல் நடவடிக்கை வேண்டும் என்று கண்டிருந்தது. பன்னிரண்டு பேர் ஏற்கெனவே ஒப்பமிட்டிருந்தார்கள். கொண்டு வந்தவர் நமக்கு வேண்டியவர், நல்ல மனிதர். "குழப்பம் என்ற இடத்தில் அவர் என்ன செய்தார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள், ஒப்பமிடுகிறோம்" என்றோம். அவர் முகம் சுண்டிவிட்டது; ஆனாலும் போனார். இரண்டு நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது. பழைய சொல் அடிக்கப்பட்டு, மேலே சிறிய எழுத்தில், 'கடை வாடகைக் கணக்கை இரண்டு கூட்டங்களில் கேட்டார்' என்று எழுதப்பட்டிருந்தது. வாக்கியத்தைப் புதிதாக எழுதியதால் முன்பு ஒப்பமிட்டவர்களிடம் மீண்டும் வாங்க வேண்டியிருக்கிறது என்றார்கள். அதன் பிறகு அந்தத் தாள் நம்மிடம் வரவில்லை.